இடிபடாமல் தப்பிய செங்கல் கட்டடம்

சந்தாபுராவில் காலை நேரம்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் பெரிய சாலையில் இருக்கிறது சந்தாபுரா. ஆனேக்கல் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். காலை எட்டு மணிக்குச் சாலை ஓரத்தில் நல்ல கூட்டம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறார்கள். கொத்தனாரின் பையில் கரண்டி, தூக்குக்குண்டு, நூல். சித்தாளின் கையில் சும்மாட்டுத் துணி. அவர்களிடையே தமிழ்ப் பேச்சும் கேட்கிறது.

இந்தப் பக்கத்தில் எழும்பும் வீடுகளில் இன்று சிமெண்ட் பிளாக் அதிகம். சில இடங்களில் செங்கல்லும் உண்டு. செங்கல் வைத்தாலும் அதன் முகம் வெளியே தெரிவதில்லை. மேலே சிமெண்ட் பூச்சு வருகிறது. அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயிண்ட். உள்ளே வரிசை கோணலாக இருந்தாலும் பூச்சு அதை மறைத்துவிடும்.

பூச்சே இல்லாமல் கட்டினால் என்ன ஆகும்? ஒரு வரிசை கோணினாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு கல் உடைந்திருந்தாலும் தெரியும். எதையும் மறைக்க வழி இல்லை. அப்படித் துணிந்து கட்டிய பெரிய கட்டடங்கள் நம் நாட்டில் உண்டு. அவற்றில் ஒன்று சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்ற அந்தக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். பாதியில் வேலை நின்றது. ஏன் இடித்தார்கள்? யார் நிறுத்தினார்கள்? அந்தக் கதையைப் பார்ப்போம்.

பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கட்டடம்

அதற்கு முன் பெங்களூரிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். விதான சௌதாவுக்கு எதிரே சிவப்பு நிறத்தில் நீளமாக ஒரு கட்டடம் இருக்கிறது. வெளியே வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. அதுதான் கர்நாடக உயர் நீதிமன்றம். அதன் பழைய பெயர் அட்டாரா கச்சேரி. இந்துஸ்தானியில் ‘அட்டாரா’ என்றால் பதினெட்டு. பதினெட்டு அரசு இலாகாக்கள் அங்கே வேலை செய்ததால் அந்தப் பெயர் வந்தது.

1860-களில் அதைக் கட்டினார்கள். கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். பெங்களூரில் உள்ள ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிகள் அவர் பெயரில் நடப்பவைதான். 1980-களில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற திட்டம் வந்தது. மக்களில் பலர் எதிர்த்தார்கள். கட்டடம் தப்பியது.

அது அரசுக் கட்டடம். நீதிமன்றம் நடக்கிற இடம். அதைக் காக்க நாலு பேர் முன்வருவது இயல்பு. ஆனால் ஒரு கடைக்காகக் கட்டிய கட்டடம் என்றால்? அதை யார் காப்பார்கள்?

ஒரு மருந்துக் கடைக்காக

சந்தாபுராவிலிருந்து அதே சாலையில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் சென்னைக்குப் போய்ச் சேரலாம். சென்னையின் பெரிய கடைத்தெரு அண்ணா சாலை. பழைய பெயர் மவுண்ட் ரோடு. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பணக்காரர்கள் கோச்சு வண்டியில் வந்து பொருள் வாங்கிய தெரு அது.

அங்கே டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற ஆங்கிலேயர் மருந்து வியாபாரம் செய்தார். வியாபாரம் பெருகியது. பெரிய கட்டடம் ஒன்று கட்ட நினைத்தார். 1897-ஆம் ஆண்டு அந்தக் கட்டடம் முடிந்தது. மருந்து விற்கும் கூடமும் வேலைக்கூடமும் அதில் இருந்தன. அதற்குக் கார்டில் பில்டிங் என்று பெயர் வைத்தார்கள்.

படம் போட்டுக் கொடுத்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். அவர் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவர். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் என்பவருடன் சேர்ந்து அந்த வேலையிலும் ஸ்டீபன்ஸ் பாடுபட்டார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

மருந்துக் கடைதானே என்று சின்னதாகக் கட்டவில்லை. சிவப்புச் செங்கல் சுவர், வரிசை வரிசையாக வளைவுகள், வெயில் உள்ளே வராமல் தடுக்கும் தாழ்வாரங்கள், வானைத் தொடுவது போல ஊசிக் கோபுரங்கள் என்று அதைக் கட்டினார்கள். தூரத்தில் வருகிறவர் பார்த்தால் அரண்மனை என்றுதான் நினைப்பார். அந்தக் காலத்தில் பெரிய விளம்பரப் பலகைகள் இல்லை. கட்டடமே கடைக்கு விளம்பரமாக இருந்தது.

மூன்று பாணி கலந்த கட்டடம்

அந்தக் கட்டடத்தின் பாணிக்கு இந்தோ சாரசனிக் என்று பெயர். பெயர் வாயில் நுழையச் சற்றுக் கடினம். பொருள் எளிது. முகலாயர் கட்டடங்களில் உள்ள கவிகை மாடமும் ஸ்தூபியும், நம் கோயில், அரண்மனை வேலைப்பாடுகளும், ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்மையான வளைவுகளும் ஒன்றாகக் கலந்த பாணி அது. சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையை 1768-இல் கட்டினார்கள். இந்தப் பாணிக்கு முன்னோடியாக அதைச் சொல்வார்கள்.

அதற்கு முன் சென்னையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய மாளிகைகள் பெரும்பாலும் வெள்ளையாக இருந்தன. உள்ளே செங்கல், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல மின்ன வைப்பார்கள். நம் ஆட்களின் கைவேலை அது. ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று அதற்கு வெளியூர்களிலும் பெயர் இருந்தது.

1870-க்குப் பிறகு சிவப்பு நிறம் பரவியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா பொது மண்டபம், உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம் என்று சிவப்புக் கட்டடங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். சேத்துப்பட்டில் அவருக்குச் செங்கல் சூளை இருந்தது. கல்லையும் அவரே சுட்டு, சுவரையும் அவரே எழுப்பினார்.

இங்கிலாந்தில் செங்கல்லுக்கு வரி

செங்கல் முகத்தைக் காட்டிக் கட்டும் வழக்கம் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 1784-ஆம் ஆண்டு ஆங்கில அரசு செங்கல்லுக்கு வரி போட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. உடனே சூளைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லைப் பெரிதாக அறுக்கத் தொடங்கினார்கள். கல் பெரிதானால் எண்ணிக்கை குறையும். வரியும் குறையும். அரசு விடவில்லை. பெரிய கல்லுக்கு அதிக வரி என்று சட்டத்தை மாற்றியது.

1850-இல் அந்த வரி நீங்கியது. அதன் பிறகு இங்கிலாந்தின் ஊர்களில் செங்கல்லால் ஆன கடைகள், வங்கிகள், கிடங்குகள், ரயில் நிலையங்கள் பெருகின. அந்த ஊர்க் கடைத்தெருக்களைப் பார்த்துப் பழகியவர்கள்தான் மவுண்ட் ரோட்டிலும் கடை கட்டினார்கள். படம் அவர்களுடையது. மண், சுண்ணாம்பு, கை எல்லாம் நம்முடையவை.

நல்ல செங்கல் எது?

செங்கல் நமக்குப் புதிதல்ல. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் ஹரப்பா, மொஹஞ்சதாரோ நகரங்களில் சுட்ட செங்கல்லால் வீடும் கால்வாயும் கட்டினார்கள். அந்தக் கற்களுக்கு ஓர் அளவு இருந்தது. உயரம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு. அதாவது இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளம் வந்துவிடும். இந்தக் கணக்கு இருந்தால்தான் நெடுக்குக் கல்லும் குறுக்குக் கல்லும் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வராது. நேராக வந்தால் அந்தக் கோட்டில் சுவர் பிளந்துவிடும். சந்தாபுராவில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் இது தெரியும். 4,500 ஆண்டுப் பாடம் அவர் கையில் இருக்கிறது.

செங்கல் ஏன் சிவப்பாக இருக்கிறது? களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. சூளையில் காற்றுப் பட்டு எரியும்போது அது சிவப்பாகிறது. இரும்பு துருப்பிடித்தால் சிவக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே மாற்றம்தான். சூடு போதாவிட்டால் கல் வெளிறி இருக்கும். கையால் அழுத்தினாலே உதிரும். சூடு மிஞ்சினால் கறுத்து வளைந்துவிடும்.

நல்ல கல்லைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘கிண்’ என்று மணி போல ஒலிக்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் கல் வேகவில்லை.

நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழக் கூடாது.

இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். உடையக் கூடாது.

கல்லை எடை போட்டு ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் எடை பாருங்கள். கூடுதல் எடை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது மட்டமான கல்.

முகம் தெரியக் கட்டும் சுவருக்கு இன்னும் கவனம் வேண்டும். நிறம், அளவு, மூலை எல்லாம் ஒத்துப் போகிற கல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மூலை உடைந்த கல் வெளி வரிசைக்கு ஆகாது.

கம்பி இல்லாமல் வளைவு நின்றது எப்படி?

இன்று ஜன்னலுக்கு மேலே என்ன போடுகிறோம்? கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி லிண்டல் போடுகிறோம். 1897-இல் சென்னையில் அந்தப் பழக்கம் இல்லை. சிமெண்டே கப்பலில் வந்துகொண்டிருந்தது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி சென்னையில்தான் நடந்தது. ஆனால் அது 1904-இல்தான்.

அப்படியானால் அகலமான வாசலுக்கு மேலே உள்ள சுவரின் பாரத்தை எது தாங்கியது? வளைவுதான் தாங்கியது.

செங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் தாங்கும். இழுத்தால் தாங்காது. ஒரு பிஸ்கட்டை இரண்டு பக்கமும் பிடித்து வளைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் விரிந்து சட்டென்று முறியும். வாசலுக்கு மேலே செங்கல்லை நேர்கோட்டில் அடுக்கினாலும் அப்படித்தான் முறியும்.

வளைவில் அந்த நிலைமை இல்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது. அந்தக் கல் அதற்கடுத்த கல்லை அழுத்துகிறது. பாரம் இரண்டு பக்கமும் இறங்கித் தூணுக்குப் போகிறது. தூணிலிருந்து அஸ்திவாரத்துக்குப் போகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தால் இருவரும் விழமாட்டார்கள். வளைவும் அப்படித்தான் நிற்கிறது. ஒருவர் விலகினால் மற்றவர் விழுவார். அதனால் வளைவு வரிசையின் கடைசித் தூணைத் தடிமனாகக் கட்டுவார்கள். கடைசி ஆள் உறுதியாக நின்றால்தான் வரிசை நிற்கும்.

வளைவைக் கட்டும்போது முதலில் மரத்தால் ஓர் அரைவட்டச் சட்டம் செய்து நிறுத்துவார்கள். அதன் மேல் இரு பக்கத்திலிருந்தும் கல்லை அடுக்கிக்கொண்டு வருவார்கள். உச்சியில் நடுக்கல்லை இறுக்கி வைப்பார்கள். காரை இறுகியதும் சட்டத்தை மெல்ல இறக்குவார்கள். அந்த நேரத்தில் மேஸ்திரிக்கு நெஞ்சு படபடக்கும். நன்றாகக் கட்டிய வளைவு அசையாமல் நிற்கும்.

மூச்சு விடும் சுண்ணாம்பு

அந்தக் காலத்துச் சுவரில் கல்லோடு கல்லை ஒட்டியது சுண்ணாம்புக் காரை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுடுவார்கள். தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். மணலோடு சேர்த்து, மாடு கட்டி, வட்டமான கல்தொட்டியில் அரைப்பார்கள். அரைக்க அரைக்கத்தான் காரைக்கு வலு.

சுண்ணாம்பு மெதுவாக இறுகும். காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, பல மாதங்களில் மறுபடியும் கல்லாகும். சுவருக்குள் போன ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதனால்தான் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் என்று சொல்கிறார்கள்.

சிமெண்டுக்கு அந்தக் குணம் குறைவு. பழைய செங்கல் சுவரில் விரிசல் விட்டால் பலர் சிமெண்டை அடைக்கிறார்கள். அது தவறு. ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்குகிறது. உப்பு பூக்கிறது. சில ஆண்டுகளில் கல்லின் முகம் செதில் செதிலாகக் கொட்டுகிறது. பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்புதான் மருந்து.

கூரைக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற முறை இருந்தது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போடுவார்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாக்கில் சுண்ணாம்பு வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பிறகு தளம் தட்டும் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். ஜல்லி இறுகிப் பாறை போல ஆகும். மழைத் தண்ணீர் இறங்காது. கம்பி இல்லாத அந்தக் கூரைகள் நூறு ஆண்டு தாங்கின.

படம் போட்டவர் பெயர் தெரிகிறது. கடைக்காரர் பெயர் தெரிகிறது. வளைவு கட்டிய கொத்தனார் யார்? சும்மாடு வைத்துக் கல் சுமந்த பெண் யார்? தளம் தட்டியவர் யார்? அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் இருந்ததற்குச் சாட்சி அந்தச் சுவர்தான். சுவரும் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

பெயர் மாறியது

1934-ஆம் ஆண்டு அந்தக் கட்டடம் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. லாலா ஹர்கிஷன் லால் என்பவர் 1896-இல் லாகூரில் தொடங்கிய கம்பெனி அது. இந்தியர்கள் தாங்களே நடத்திய பழைய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளில் ஒன்று. அன்று முதல் கட்டடத்துக்குப் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்ற பெயர் நிலைத்தது.

அந்தக் காலத்தில் நாட்டில் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் நிறைய இருந்தன. சில கம்பெனிகளில் மக்கள் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. நாடாளுமன்றத்தில் இது பெரிய பேச்சானது. 1956-இல் அரசு 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை அமைத்தது. எல்.ஐ.சி. என்று நாம் சொல்வது இதைத்தான். பாரத் கம்பெனியும் அதில் சேர்ந்தது. மருந்துக் கடையாகப் பிறந்த கட்டடம் இப்படி எல்.ஐ.சி.யின் சொத்தானது.

கடப்பாரை விழுந்தது

ஆண்டுகள் ஓடின. கட்டடத்துக்கு வயதானது. சுவர் வெடிப்புகளில் செடிகள் முளைத்தன. கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொந்தக்காரரான கழகம் கருதியது. 2006-இல் இடிக்கும் வேலை தொடங்கியது.

அதற்கு முன்பே சென்னை இரண்டு பெரிய செங்கல் கட்டடங்களை இழந்திருந்தது. அண்ணா சாலையில் இருந்த ஸ்பென்சர் கடை 1895-இல் கட்டியது. 1983-இல் அது தீயில் அழிந்தது. சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் 1900-இல் திறந்தது. பழைய புத்தகம் முதல் புறா வரை அங்கே விற்றார்கள். 1985-இல் அதுவும் எரிந்தது. இரண்டு இடங்களிலும் பிறகு வேறு கட்டடங்கள் வந்தன. பழையவை படத்தில் மட்டும் இருக்கின்றன.

பாரத் கட்டடமும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான். அப்போது இன்டாக் என்ற அமைப்பு முன்வந்தது. நாட்டின் கலை, பண்பாட்டு மரபைக் காப்பதற்காக 1984-இல் தொடங்கிய அமைப்பு அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது பொதுநல வழக்குப் போட்டது. நீதிமன்றம் இடிப்பதற்குத் தடை போட்டது. அதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சேதமாகிவிட்டது.

பொதுநல வழக்கு என்றால் என்ன? பொதுவாக, பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட முடியும். ஆனால் ஊருக்கே பொதுவான ஒன்று கெடும்போது, அக்கறை உள்ள எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்தக் கட்டடத்தின் ஒரு செங்கல்கூட இன்டாக்குக்குச் சொந்தம் அல்ல. இருந்தாலும் நீதிமன்றம் அவர்கள் சொன்னதைக் கேட்டது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் யோசிக்க வேண்டும். கட்டடம் விழுந்து யாராவது செத்தால் யார் பொறுப்பு? பழுதுபார்க்கப் பெரும் பணம் வேண்டும். கழகத்தின் பணம் பாலிசி எடுத்த மக்களின் பணம். அண்ணா சாலையில் நிலத்தின் விலையும் சாதாரணம் அல்ல. இவை எல்லாம் உண்மையான கவலைகள். ஆனால் ஆபத்தான கட்டடத்துக்கு இடிப்பது ஒன்றுதான் வழியா? முட்டுக் கொடுக்கலாம். வெடிப்பை அடைக்கலாம். கூரையை மாற்றலாம். நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி இதுதான்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. கட்டடத்தை இடிக்கக் கூடாது, பழுதுபார்த்துக் காக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். சென்னையில் உள்ள மற்ற மரபுக் கட்டடங்களைக் காக்கவும் ஒரு குழு வேண்டும் என்றார்கள். 2012-இல் தமிழ்நாடு அரசு மரபுச் சின்னங்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இப்போது ஸ்டீபன்ஸை நினைத்துப் பாருங்கள். அவர் பாடுபட்ட ஒரு செங்கல் கட்டடம் உயர் நீதிமன்றம். அவர் படம் போட்ட இன்னொரு செங்கல் கட்டடம் மருந்துக் கடை. நூறு ஆண்டுக்குப் பிறகு, முதல் கட்டடத்தில் கிடைத்த தீர்ப்பு இரண்டாவது கட்டடத்தைக் காப்பாற்றியது.

தீர்ப்பு மட்டும் போதுமா?

போதாது. தீர்ப்பு வந்த பிறகும் பல ஆண்டுகள் கட்டடம் பாழாகவே நின்றது. நீதிமன்றம் கடப்பாரையை நிறுத்த முடியும். கரண்டியைப் பிடிக்க முடியாது. அதற்குப் பணம் வேண்டும், மனம் வேண்டும், முக்கியமாகத் தொழில் தெரிந்த கை வேண்டும்.

சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர், சட்டம் வைத்து வளைவு கட்டத் தெரிந்தவர், மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்தவர் இன்று குறைந்துவிட்டார்கள். பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் இடங்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வயதான கொத்தனாருக்குத் தெரிந்ததை இளைஞர் கற்றுக்கொண்டால் அது அவருக்கு வேலையும் ஆகும்.

நம் அரசியல் சட்டத்தில் 1976-இல் அடிப்படைக் கடமைகள் சேர்ந்தன. நாட்டின் பண்பாட்டு மரபை மதித்துக் காப்பது அவற்றில் ஒன்று. மரபு என்றால் கோயிலும் கோட்டையும் மட்டும் அல்ல. மக்கள் மருந்து வாங்கிய கடையும் மரபுதான். உங்கள் ஊரில் உள்ள பழைய சந்தைக் கட்டடம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், சத்திரம் எல்லாம் மரபுதான்.

நாம் செய்யக்கூடியவை

பழைய சுவரில் அரசு, ஆல் முளைத்தால் கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். வேர் பருத்தால் சுவரைப் பிளக்கும்.

மாடியில் மழைத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். குழாய்க் குப்பையை மழைக்கு முன்பே அகற்றுங்கள். பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர்.

சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டால் பூசாதீர்கள்.

ஊரில் நல்ல பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். கிராம சபையில் கேளுங்கள். நகராட்சிக்கு மனு எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.

சந்தாபுராவில் மாலை ஆறு மணி. வேலை முடிந்து எல்லாரும் திரும்புகிறார்கள். கைகால் கழுவியும் விரல் இடுக்கில் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது. இன்று எழுப்பிய சுவருக்கு நாளை பூச்சு வந்துவிடும். எந்தக் கல்லை யார் வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வரிசை நேராக இருந்தால் அந்தச் சுவர் நிற்கும். மவுண்ட் ரோட்டில் பெயர் தெரியாத ஒருவர் வைத்த வரிசை நேராக இருந்தது. அதனால்தான் கூரை சிதைந்த பிறகும் அந்தச் சுவர் நின்றது.

கலந்து பேசுவோம்

1. செங்கல் நன்றாக வெந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2. வாசலுக்கு மேலே உள்ள பாரத்தை வளைவு எப்படித் தாங்குகிறது?

3. பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஏன் ஆகாது?

4. ஆபத்தான பழைய கட்டடத்தை இடிப்பதா, பழுதுபார்ப்பதா? இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லுங்கள்.

5. உங்கள் ஊரில் உள்ள மிகப் பழைய கட்டடம் எது? அதைக் கட்டியவர்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதுங்கள்.